நான்கு வருடம் என்னுள் இருந்த வெள்ளி வளையம்

ஐந்தாவது பிரசவத்தில் நான் பிழைத்தது டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். எழுந்து உட்கார முடிந்த அன்று காலையில் அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் நின்றபடிதான் பேசுவார்கள். உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இல்லை என்று பொது வார்டில் படுத்திருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"குழந்தை தங்கலைங்கிறது உனக்குத் தெரியும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. உன் உடம்புல ரத்தமே இல்லை. மூணு நாலு வருஷத்துக்குள்ள மறுபடி உண்டானா, நான் பக்கத்துல இருந்தாலும் உன்னைக் காப்பாத்த முடியாது" என்றார்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பதினைந்தில் கல்யாணம். அத்தை மகன்தான் மாப்பிள்ளை. மதுரைக்கு மேற்கே, செக்கானூரணியைத் தாண்டி எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் என் கணவர் நூல் மில்லில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தார். அரசரடிப் பக்கம் லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறினோம். மாமா இறந்த பிறகு அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் ஐந்து பிரசவம். முதல் பிள்ளை மகன். அடுத்தது பிறந்து எட்டாம் மாதம் காய்ச்சலில் போயிற்று. மூன்றாவது மகள். நான்காவது உயிரில்லாமல் பிறந்தது. ஐந்தாவது ஒரு பகல் மட்டும் இருந்தது.

"அப்ப நான் என்ன செய்யட்டும் அம்மா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

அவர், "முதல்ல சாப்பிடு. இரும்பு மருந்து தர்றேன். மூணு மாசம் கழிச்சு வா. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மூன்று மாதமும் என் கணவர் வெளியே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. மில்லில் இருந்து வருவார், குளிப்பார், சாப்பிடுவார், பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போவார். புழுக்கம் தாங்காமல் போகிறான் என்று அத்தை நினைத்துக்கொண்டார். ஐப்பசி அடைமழையிலும் அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு அங்கேயே கிடந்தபோது அத்தைக்குச் சந்தேகம் வந்தது. "ரெண்டு பேருக்கும் என்னத்தா சண்டை?" என்று என்னைக் கேட்டார். சண்டை ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது நின்றுபோயிருந்தது. சோறு போடும்போது என் கை அவர் கையில் பட்டுவிடக் கூடாதே என்று அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்.

மூன்று மாதம் கழித்து இருவரும் போனோம். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர் என்று ஆயாக்கள் சொல்லிக்கொள்வார்கள். அவர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். அதற்குள் இருந்ததை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கியிருந்தார்கள். கால் மெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. விரலால் அழுத்தினால் நசுங்கி, விட்டதும் பழையபடி விரிந்தது.

"இதைக் கர்ப்பப்பைக்குள்ள வைப்பேன். இருக்கிறவரைக்கும் பிள்ளை தங்காது. வருஷத்துக்கு ஒருதடவை எடுத்துட்டு வேற வைக்கணும். எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்ப எடுத்துடலாம். எடுத்தா மறுபடி பிள்ளை உண்டாகும்."

எங்கள் இருவரையும் பார்த்து மேலும் சொன்னார். "இதுல ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு ரத்தப்போக்கு ஜாஸ்தியாகும். சில பேருக்கு உள்ளே சீழ் பிடிச்சுக் காய்ச்சல் வரும். வந்தா அன்னைக்கே ஓடி வரணும். நாளைக்குப் பார்க்கலாம்னு இருந்தா உயிருக்கே ஆபத்து. இது வேண்டாம்னு சொல்ற டாக்டருங்கதான் நிறையப் பேர். நான் பத்துப் பேருக்குக்கூட வச்சதில்லை. உன் விஷயத்துல இன்னொரு பிரசவம் இதைவிட ஆபத்துன்னு நினைக்கிறேன். அதனால சொல்றேன்."

என் கணவர் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் எந்த இரும்புச் சாமானைக் கண்டாலும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மனிதர், அதைத் தொடவில்லை.

"துருப் பிடிக்காதுங்களா?"

"வெள்ளி. பிடிக்காது."

"இவ உசுரோட இருக்கணும்மா. எனக்கு அம்புட்டுத்தான்" என்றார். சொல்லிவிட்டு அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

மயக்க மருந்து கிடையாது. ஆயா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அடிவயிற்றைக் கிள்ளி இழுத்து முறுக்குவது போல ஒரு வலி. ஐந்து பெற்றவளுக்கு இது ஒரு வலியா என்று நினைத்துத்தான் படுத்தேன். ஆனால் இந்த வலி வேறு மாதிரி இருந்தது. பிரசவ வலி விட்டு விட்டு வரும், இடையில் மூச்சு விடலாம். இதில் இடைவெளியே இல்லை. "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று ஆயா சொன்னபோது என் பற்களுக்கிடையில் என் முந்தானை இருந்தது.

அத்தையிடம் ரத்தசோகைக்கு ஊசி போட்டார்கள் என்று சொன்னோம். ஊசி போட்டவள் எதற்கு மூன்று நாள் சுருண்டு படுத்துக் கிடக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு ஆட்டுக்கால் சாறு வைத்துக் கொடுத்தார்.

முதல் மூன்று மாதம் தீட்டு அளவுக்கு மீறிப் போயிற்று. பழைய சேலைகளைக் கிழித்துக் கிழித்துத் தீர்ந்துவிட்டது. எடுத்துவிடச் சொல்லலாமா என்று பலமுறை நினைத்தேன். பிறகு மெல்லக் குறைந்தது. அடுத்த கோடைக்குள் நகக்கண்ணில் சிவப்பு வந்தது. குழாயடியிலிருந்து இரண்டு குடத்தையும் நடுவில் இறக்கி வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்திரைத் திருவிழாவுக்கு வைகை ஆற்று மணல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பினேன். கல்யாணமாகி வந்த பிறகு, வயிற்றில் ஒன்றோ மடியில் கைக்குழந்தையோ இல்லாமல் நான் பார்த்த முதல் திருவிழா அதுதான். கயிற்றுக் கட்டில் மழைக்கு நனையாமல் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டது. என் கணவர் வீட்டுக்குள் வந்து படுத்தார். நாங்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தோம்.

ஒவ்வொரு வருஷமும் ஒருநாள் டாக்டரம்மாவிடம் போவேன். பழையதை எடுத்துவிட்டுப் புதிதை வைப்பார். வேறு யாருக்கும் தெரியாது.

தெரியாததால்தான் தொல்லை. இரண்டு வருஷம் போனதும் லைன் வீட்டுப் பெண்கள் என் வயிற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றாம் வருஷம் அத்தை என் கணவரிடம் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகப் பேச்செடுத்தார்.

"ரெண்டு பிள்ள இருக்குல்ல ஆத்தா. போதும்" என்றார் அவர்.

"ஒன்னு ஆணு, ஒன்னு பொண்ணு. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா?"

"அந்தப் பேச்சை இனி எடுக்காத. நான் கட்ட மாட்டேன்."

அத்தை விடவில்லை. பெண் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கண்மாய்க்கரையில் ஓர் அம்மன் கோயில் உண்டு. பிள்ளை வரம் கேட்பவர்கள் அங்கே மரத்தில் துணித் தொட்டில் கட்டுவார்கள். அத்தை தன் சேலையிலேயே ஒரு முழம் கிழித்து, அதில் ஒரு கல்லை வைத்து, என் கையில் கொடுத்துக் கட்டச் சொன்னார். நான் கட்டினேன். பிள்ளை வேண்டும் என்று என்னால் கேட்க முடியவில்லை. வேண்டாம் என்று அந்த இடத்தில் நின்று சொல்லவும் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற இரண்டையும் காப்பாத்து தாயே என்று மட்டும் கேட்டேன். அத்தை என் நெற்றியில் திருநீற்றைப் பூசி, அடிவயிற்றிலும் கொஞ்சம் பூசினார்.

நான்காம் வருஷம் வாந்திபேதி வந்தது. எங்கள் லைனில் நான்கு வீட்டில் சாவு. என் மகனுக்குப் பதினொரு வயது. மில்லின் முதல் சங்கு ஊதும்போது வயிறு வலிக்கிறது என்றான். பத்து மணிக்கு அவன் கண்கள் குழி விழுந்துவிட்டன. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். கொடுத்தது எதுவும் உள்ளே நிற்கவில்லை. நடுவில் ஒருதடவை, "அப்பத்தா, காலைப் பிடிச்சு விடு, இழுக்குது" என்றான். அத்தை அவன் இரண்டு காலையும் மடியில் போட்டுப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலச் சங்கு ஊதி, மில்லிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அத்தை அடுப்பங்கரையில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நேந்து கட்டுன தொட்டி காலியாவே ஆடுது. கம்மாக்கரை ஆத்தா கோவிச்சுக்கிட்டா. அதான் எம்பேரனை எடுத்துக்கிட்டா."

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. கோயிலில் பொய்யாக நின்றதற்குத்தான் மகன் போனான் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து உருகிக்கொண்டிருந்தேன்.

"தொட்டி காலியா ஆடுனதுக்கு ஆத்தா காரணமில்ல அத்தை. நான்தான்" என்றேன். அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, வளையம், வருஷா வருஷம் போய் வந்தது எல்லாம்.

அத்தை முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை. என் கையால் சாப்பிடவும் இல்லை. மகளைக் கூப்பிட்டு நீராகாரம் எடுத்துவரச் சொல்லிக் குடித்தார். என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"வலிக்குமாத்தா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "வைக்கும்போது வலிச்சுச்சு அத்தை. அப்புறம் தெரியாது" என்றேன்.

"வேணாம்னா எடுத்துரலாமா?"

"எடுத்துரலாம்."

"எடுத்தா மறுபடி தங்குமா?"

"தங்கும்னு டாக்டரம்மா சொன்னாக."

அவர் துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்குப் பதினோரு பேறு. நின்னது மூணு. ஒம்பதாவது பெத்து ஒரு மாசத்துல கெணத்து மேட்டுல போயி நின்னேன். ஒருநா இல்ல, மூணு நா. உம்மாமனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன செஞ்சிருப்பாரு? அதுக்கப்புறமும் ரெண்டு பெத்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இப்படி ஒன்னு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

என் மாமியாரை, என் அப்பாவின் கூடப்பிறந்தவரை, பிறந்தது முதல் எனக்குத் தெரியும். அவர் அழுது நான் பார்த்தது என் மகன் சாவுக்கும் அன்றைக்கும் மட்டும்தான். நான் சோப்பு நுரைக் கையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆத்தா உன்னால எடுத்துக்கிட்டுப் போகல. நாலு வீட்டுல எடுத்தாளே, அவுகளெல்லாம் வளையமா வச்சிருந்தாக?" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

சில மாதம் கழித்து, வளையத்தை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று இப்போதும் என்னால் தெளிவாகச் சொல்ல முடியாது. போனவனுக்குப் பதிலாக இன்னொன்று என்று நான் நினைக்கவில்லை. அப்படி யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் இன்னொரு பிள்ளையை வளர்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அதுவரை பிறந்த ஐந்துமே என்னைக் கேட்டு வரவில்லை.

என் கணவர் ஒப்பவில்லை. "ஒருத்தனைக் குடுத்தாச்சு. உன்னையும் குடுக்க மாட்டேன்" என்றார்.

"அன்னைக்கு ஒடம்புல ரத்தமில்ல மச்சான். இப்ப இருக்கு. டாக்டரம்மாட்ட கேப்போம். அவுக வேணாம்னா நான் வாயே தெறக்க மாட்டேன்."

டாக்டரம்மா விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். "உடம்பு நல்லாத் தேறியிருக்கு. நாலு வருஷ ஓய்வு. ஆனாலும் போனதடவை ரத்தம் போன மாதிரி இந்தத் தடவை போகாதுன்னு நான் எழுதித் தர முடியாது" என்றார். பிறகு என் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார். "வைக்கும்போது அவரைக் கேட்டேன். இப்ப உன்னைக் கேட்கிறேன். நீ சொல்லு."

"எடுத்துருங்கம்மா" என்றேன்.

ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சின்னக் கொக்கி ஒன்றை உள்ளே விட்டு எடுத்துவிட்டார். சுரீர் என்றது, அவ்வளவுதான். வெளித் தாழ்வாரத்தில் மகளோடு காத்திருந்த அத்தை, அதைப் பார்க்க வேண்டும் என்று ஆயாவிடம் கேட்டாராம். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு எனாமல் தட்டில் வைத்துக் காட்டினார். வெள்ளி கறுத்துப் போயிருந்தது. அத்தை குனிந்து பார்த்தார்.

"இம்புட்டூண்டா?" என்றார்.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். அதற்குள் சீமையில் சண்டை தொடங்கிவிட்டிருந்தது. ஏழாம் மாதம் நான் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதாகச் சொன்னார். வடக்கே எங்கேயோ. என் கேஸ் தாளில் சிவப்பு மசியால் நீளமாக எழுதி, "வலி வந்ததும் வந்துடு, வீட்டுல ஒரு மணி நேரம்கூட இருக்காதே. இதை அவங்க படிப்பாங்க" என்றார். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. கும்பிட்டேன்.

இன்னொரு மகள் பிறந்தாள். ரத்தம் போயிற்று. ஆனால் தாளைப் படித்துவிட்டு ஊசியும் மருந்தும் தயாராக வைத்திருந்தார்கள், நின்றுவிட்டது. ஆயா குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்க் காட்டியபோது என் கணவர் அதைப் பார்க்காமல், "அவ கண்ணு முழிச்சாளா?" என்று மூன்றுதடவை கேட்டாராம்.

மூன்று மாதம் கழித்து நான் மறுபடி வளையம் வைத்துக்கொள்ளப் போனேன். புதிதாக வந்திருந்த டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் யார் உனக்கு வச்சது? உள்ளே புண்ணாகிச் செத்திருப்பே. இனிமே அதைக் கேட்டு இங்கே வராதே" என்று கத்தினார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆயா பின்னாலேயே வந்து, இனி சீமையிலிருந்து அந்தச் சாமான் வரவும் வராது, கப்பல் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். என் கணவர் சுவரோரம் சாத்தியிருந்த கட்டிலை மறுபடி மரத்தடிக்கு இழுத்துப் போட்டார்.

அந்த நாளில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். அவள் புருஷனும் மில்தான். இருபத்திரண்டு வயதுக்குள் நான்கு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில். முகம் வெளுத்து, கால் வீங்கி, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அத்தை ஒருநாள் அவளை அழைத்துவந்து என் முன்னால் உட்காரவைத்தார்.

"இந்தப் பிள்ளைக்குச் சொல்லுத்தா. இது பெத்து எந்திரிச்சதும் அதை வச்சுக்கிறட்டும்."

"அந்த அம்மா இப்ப இல்லையே அத்தை."

"இல்லைன்னா? எங்கன இருக்காக? ரயில்ல போனா எம்புட்டு தூரம்?"

வடக்கே எங்கேயோ என்றேன். அத்தை என் பேச்சை நம்பாமல் மறுநாள் அந்தப் பெண்ணைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார். பெறுகிற காலத்தில் வா என்று சொல்லி இரும்பு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து வெற்றிலையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் ஐந்தாவதைப் பெற்ற அன்றே இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்து நிற்கும்போதே முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மடியில் வைத்தார். என் சின்ன மகள் ஒரு பக்கம், அந்தப் பிள்ளை ஒரு பக்கம் என்று ஐந்து மாதம் பால் கொடுத்தேன். இரண்டையும் அத்தைதான் காலில் போட்டுக் குளிப்பாட்டினார்.

தை மாதத்தில் அவன் தாய்வழிச் சொந்தக்காரர்கள் வந்து ஐந்து பிள்ளைகளையும் அழைத்துப் போனார்கள். பசும்பால் எப்படிக் காய்ச்சிக் கொடுப்பது என்று அத்தை வண்டிக்குப் பக்கத்திலேயே சொல்லிக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். எனக்கு அன்று சாயங்காலமே மார் கட்டிக்கொண்டது. என் மகள் ஒருத்தி குடித்துத் தீர்கிற பால் இல்லை அது. இரண்டு நாள் வலி பொறுக்காமல் பின்பக்கம் போய்ப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். அத்தை தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றார்.